கலைவாணன் வாங்கித் தந்த வேகத்தடை

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக்கொண்டால் பைக்குகளெல்லாம் கலைவாணன் குடியிருந்த தெருவுக்குள் புகுந்து பறக்கும். தெரு நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கேட்டது ஒரே ஒரு வேகத்தடை.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ போர்த்திக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருப்பது போல இருந்தது.

மறுநாள் காலை முதலில் அதில் ஏறிய பெரிய வண்டி அவருடைய மனைவி ரூத்தின் வேன். சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய வண்டி. ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து முன்பக்கம் தாழ்ந்திருக்கும். அடியில் டமார் என்றது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததுமே ரூத் இன்ஜினை அணைத்துவிட்டார். இன்ஜினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் தொட்டியை சம்ப் என்பார்கள். அது கிழிந்து, கறுப்பு ஆயில் ரோட்டில் ஓடியது.

எதிர்வீட்டு நரசிம்மன் வந்து பார்த்தார். "சார், நீங்க கேட்ட ஸ்பீட் பிரேக்கர் நல்லா வேலை செய்யுது" என்றார்.

"தேங்க்ஸ்" என்றார் கலைவாணன்.

வேனைத் தள்ளி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் வரதன் செங்கல்பட்டு பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சம்ப்போடு வந்தார். சம்ப்பைக் கழற்ற விடாமல் வண்டியின் குறுக்குச் சட்டம் இடித்ததால் ஜாக்கி வைத்து இன்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.

"நான் போல்ட்டு எடுக்கறேன். நீங்க அந்தாண்ட தாங்கிக்கோங்க சார். வுட்டா மூஞ்சில வுழும்."

முகத்தில் விழவில்லை. மிச்சமிருந்த ஆயில் மட்டும் கலைவாணனின் காதுக்குள் இறங்கியது. ஆயில் கசியாமலிருக்க வைத்திருந்த பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இன்ஜின் விளிம்பைச் சுரண்டும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு வரதன் டீ குடிக்கப் போனார். கலைவாணன் படுத்தபடியே சுரண்டினார். வேனுக்குப் பக்கத்தில் சில செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"இன்னாபா இது, மல மாரி போட்டு வெச்சிக்கிறாங்க?"

"செக்ரட்டரி வேலை. அந்தாளுக்கு வேற பொழப்பு இல்ல."

"ஆனா நேத்துலேந்து ஒரு பைக்கும் பறக்கல, பாத்தியா?"

"எங்க பறக்கறது? ஏறவே முடில."

கலைவாணன் சத்தம் வராமல் சுரண்டத் தொடங்கினார். வரதன் திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"போதும் சார், பளபளன்னு கீது. வெளிய வாங்க."

"அவங்க போவட்டும்" என்று கிசுகிசுத்தார் கலைவாணன்.

வரதன் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். "செக்ரட்டரி சார் அடியிலதான் கீறாரு. எதுனா சொல்லணும்னா சொல்லிடுங்க."

செருப்புக் கால்கள் ஓரடி பின்னால் நகர்ந்தன.

"வணக்கம் சார்" என்றது ஒரு குரல்.

"வணக்கம்" என்றார் கலைவாணன், வேனுக்கு அடியிலிருந்து.

புது கேஸ்கெட்டில் பசை தடவி சம்ப்பை ஏற்றினார்கள். ஒரேயடியாக முறுக்கினால் விளிம்பு கோணிவிடும் என்று வரதன் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பசை காய்ந்த பிறகு ஆயில் ஊற்றி, கீழே நியூஸ் பேப்பர் விரித்து இன்ஜினை ஓடவிட்டார்கள். பேப்பரில் ஒரு சொட்டுகூட இல்லை.

தெருவின் மறுமுனை ரயில்வே சுவர். வெளியே போக வேகத்தடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ரூத் வண்டியைக் கோணலாக ஏற்ற, கலைவாணன் ரோட்டில் கன்னத்தை வைத்து இடைவெளி பார்த்தார்.

"வா... வா... இடிக்கல, வா!"

வேன் தாண்டியது. ரூத் நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம், அதைக் கொஞ்சம் செதுக்கித் தரும்படி கலைவாணன் மறுபடி அலுவலகம் ஏறினார். செதுக்குவதற்கு வழியில்லை, வேண்டுமானால் இன்னொன்று போட்டுத் தருகிறோம் என்றார்கள். அவசரமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து கலைவாணனும் ரூத்தும் திரும்பியபோது வேகத்தடை பாதி உயரத்துக்கு வந்திருந்தது. நரசிம்மன் குழாயடியில் ஒரு கடப்பாறையைக் கழுவிக்கொண்டிருந்தார். கலைவாணன் வணக்கம் மட்டும் வைத்துவிட்டு உள்ளே போனார்.