மொய் வைத்தவர்களுக்கு, கரீம் பாய் பற்றி

கரீம் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "இந்த மாதமும் முடியாது என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், இனி யாருக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன்" என்று கைப்பேசியில் பாதி அடித்திருந்தபோது அவர் மனைவி நசீமா அழைத்தார். "ஆபீஸ்ல நாற்காலில ஒக்காந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்மா. மவுத்தாயிட்டாரு" என்றார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. மனிதர் நழுவிக்கொண்டார், இனி எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆத்திரம்தான் வந்தது. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அழுதேன்.

இதை உங்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீடியோ கேமுக்காக இணையத்தில் பணம் போட்டவர்கள் நீங்கள். அவர் படத்துக்குக் கீழே கைகூப்பிய பொம்மைகளும் மெழுகுவர்த்திகளும் போட்டு நிரப்பியிருக்கிறீர்கள். போன மாதம் அதே இடத்தில் அவரைத் திருடன் என்று எழுதியவர்களும் நீங்கள்தான். ஒருவர் "மாமேதை" என்றிருக்கிறார். அதே ஆள்தான் முன்பு "வடசென்னைக்காரனை நம்பிக் காசு போட்டால் இப்படித்தான்" என்று எழுதினார். இரண்டையும் நான் படித்தேன். பாய் இரண்டையும் படிக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அவரை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் ஒரு சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் வேலை, காலடிப்பேட்டையில் வீடு. டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டிகளுக்குப் புதிதாக ஒரு கேசட் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. நான் திருவொற்றியூரில் கணினி ஆசிரியை. நிரலை அவர் எழுதினார், படங்களை நான் வரைந்தேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் சைக்கிளில், அப்பாவுக்குச் சாப்பாட்டு கேரியரை மாட்டிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹார்பர் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் ஆட்டம். சின்ன வயதில் டிவி கேம் ஆடி வளர்ந்து, இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற நீங்கள், கேட்ட தொகையைச் சில நாளிலேயே போட்டுவிட்டீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் சொன்னேன்.

நல்ல மனிதர், இனிய சுபாவம் என்றெல்லாம் எழுத என்னால் ஆகாது. என் உழைப்பை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை. முதல் காட்சிக்கு நான் வரைந்த வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, அத்தினி கம்பெனி பொகைல மணலி பக்கம் வானம் இவ்ளோ நீலமாவா கீது? நீ எந்த ஊரு பொண்ணு?" என்றார். அந்தப் பெட்டி காட்டக்கூடிய நிறங்களே கொஞ்சம். அதில் ஒரு நல்ல நீலத்தைத் தேடிப் பிடித்திருந்தேன். எடுத்துவிட்டு ஒரு அழுக்கு மஞ்சளைப் போட்டேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம், இப்ப இருமல் வருது" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

உங்கள் கேள்விகளுக்கு அவர் ஒருமுறைகூடப் பதில் எழுதியதில்லை. "எப்போது வரும்?" என்று நீங்கள் கேட்பதை நான் படித்துக் காட்டினால், "முடிஞ்சா வரும்னு போடு" என்பார். நான் அதை "அன்பு நண்பர்களே, தாமதத்துக்கு வருந்துகிறோம், அடுத்த மாத இறுதிக்குள்..." என்று மாற்றி எழுதுவேன். அடுத்த மாதம் வரும். வசை என் தலையில் விழும். கேசட்டில் மூன்றாவது காட்சியை மாற்று, பெண்ணுக்குப் பதில் பையனைப் போடு, மோட்டார் சைக்கிள் கொடு என்று நீங்கள் எழுதியபோது மட்டும் அவர் கொஞ்சம் விரிவாகப் பேசினார். "மொய் வெச்சவன் பந்தில ஒக்காந்து வயிறார துன்னலாம்மா. சமையக்கட்டுக்குள்ள வந்து உப்பு போடக்கூடாது."

"பந்தி எப்போ பாய்? எல்லாரும் கை கழுவிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால், சமையல் முடிந்துதான் இருந்தது. உங்களிடம் இருப்பவை அசல் பெட்டிகள். தேடித் தேடி வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் விளையாட்டு தொடக்கம் முதல் கடைசி வரை ஓடியது. அன்றே கேசட் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பாய் என்னைக் கொருக்குப்பேட்டையில் லட்சுமி அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய டிவி, அதில் நம் சந்தைகளில் மலிவாக விற்ற நகல் பெட்டி. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் உட்கார்ந்து ஆடுவார். கேசட்டைச் செருகினார். சைக்கிள் கிளம்பியது. இரண்டு லாரிகள் சேர்ந்து வந்ததும் படம் உறைந்து நின்றது. பெட்டியைத் தட்டினார், மறுபடி போட்டார், அதே இடத்தில் நின்றது.

"இன்னா பாய், எங்க தெருவுன்னு சொல்லிக்கினு இட்டாந்த, எங்க வூட்லயே ஓட மாட்டேங்குது" என்றார் அக்கா.

நகல் பெட்டியின் சில்லு நேரத்தை வேறு மாதிரி எண்ணுகிறது. லாரிகள் கூடினால் அதற்கு மூச்சு முட்டுகிறது. சரிசெய்ய வேண்டுமானால் நிரலைப் பாதிக்குமேல் திருப்பி எழுத வேண்டும். வெளியே வந்ததும் சொன்னேன்: "பாய், இவங்க யாரும் பணம் போடல. போட்டவங்க பெட்டியில ஓடுது. அனுப்பிடலாம்."

அவர் ரயில்வே கேட் ஓரம் வண்டியை நிறுத்தினார். கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது. பிறகு, "கல்யாணத்துல மொய் வெக்காதவனுக்கு எல போட மாட்டியா நீ?" என்று கேட்டார். "இந்த ரோட்ட வெச்சிதான் கேமு. இந்த ரோட்டுல கீற டிவில ஓடலன்னா அத்த எவனுக்குக் காட்றது?"

அது நியாயமா? மொய் வைத்தவனை இலைமுன் பசியோடு உட்காரவைத்துவிட்டு ஊருக்கெல்லாம் உலை வைப்பது நியாயமா? இல்லை என்றேன். இன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். குறைந்தபட்சம் உங்களிடம் சொல்லிவிட்டாவது செய்திருக்கலாம். "சொன்னா புரியாது" என்று முடித்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் சேர்ந்தாலே சண்டைதான். ஆனால் ஞாயிறுதோறும் மாற்றிய கேசட்டை எடுத்துக்கொண்டு லட்சுமி அக்கா வீட்டுக்கு அவர் போவது நிற்கவில்லை. திட்டிக்கொண்டே நானும் போனேன்.

இப்போது உங்களில் ஒருவர், பெரிய தொகை போட்டவர், எனக்கு எழுதியிருக்கிறார். ஓடுகிற பழைய வடிவத்தையே எடுத்து, அட்டையில் பாய் படத்தைப் போட்டு, "அவர் நினைவாக" என்று உடனே வெளியிட்டுவிடலாமாம். செலவு முழுக்க அவருடையதாம். எழுத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. பாய் இருந்தவரை இவர் எழுதியதில் மரியாதைதான் இல்லை. செத்தவர் படத்தைக் கண்ணாடி அலமாரியில் வைக்க உங்களுக்கு எவ்வளவு அவசரம்.

நசீமா பாயுடைய கணினியை என்னிடம் கொடுத்துவிட்டார். "அந்த சனியன நீயே எடுத்துக்கினு போ, அதுங்கூடதான அவரு குடும்பம் நடத்துனாரு" என்றார். பாய் விட்ட இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். அவர் வேகம் எனக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை லட்சுமி அக்கா வீட்டில் சைக்கிள் இரண்டு லாரிகளையும் தாண்டிவிட்டது. அக்கா கைதட்டினார். ஹார்பர் கேட்டுக்குச் சற்று முன்னால் மறுபடி நின்றது. "பரவால்ல, இம்மா தூரம் வந்துச்சே. அடுத்த வாரம் எத்தினி மணிக்கி வருவ?" என்றார். பணம் திரும்ப வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். பழைய வடிவத்தை மட்டும் தர மாட்டேன்.

கரீம் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அழுக்கு மஞ்சள் வானமும், ஞாயிற்றுக்கிழமைகளும், ஒரு வாக்கியமும். எப்போது வரும் என்று இதற்குக் கீழே நீங்கள் கேட்பீர்கள். இத்தனை காலம் அவர் சொன்னதை மெருகேற்றி, பொய்த் தேதி ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் சொன்னபடியே போடுகிறேன்.

முடிஞ்சா வரும்.