நகராத தாளம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து, தவிலில் தனி வாசித்து முத்தாய்ப்பை ஓங்கி அடித்து முடித்தேன். நான் முடித்த இடத்தில் தாளம் இல்லை. ஒரு மூச்சு கழித்துத்தான் பக்கத்தில் கைத்தாளம் ‘ணங்’ என்று விழுந்தது. நாதஸ்வரம் வாசித்த நாயனக்காரர் என் அடியை விட்டுவிட்டு அந்தத் தாளத்தைப் பார்த்துப் பல்லவியை எடுத்தார். தாளம் போட்டவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். என் அப்பன் பாட்டன் யாரும் தவிலைத் தொட்டதில்லை. சொந்தக் கையை நம்பி மேலே வந்தவன். மணப்பாறையில் நான் அடித்தால் திண்டுக்கல்லில் கேட்கும் என்பார்கள். அதில் பாதியாவது உண்மை. திருச்சியில் என் தவில் முழங்காத கல்யாண மண்டபம் இருந்தால் அது நேற்றுக் கட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட எனக்கே அந்தக் கல்யாணம் ஒரு பரீட்சை. காரணம், அந்த நாயனக்காரர் தம் கோஷ்டிக்கு நிரந்தரமாக ஒரு தவில்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைய வாசிப்பைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிவு தெரிந்துவிட்டது.

மண்டபத்து வாசலில் மச்சினனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் மாப்ள, நான் முடிக்கிறப்ப கூட வந்து தட்டினா உன் கை தேஞ்சா போயிடும்? எல்லாத் தாளக்காரனும் வரான்ல?”

அவன் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். தாளம் அவனுக்கு ஆசைக்காக. நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: “ரயில் முன்னாடியே கிளம்பிடுச்சுன்னு பிளாட்பாரமும் கூடவே ஓடுமா மாமா?”

வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு உள்ளே வேலை செய்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தவில்காரன் தாளத்துக்கு முன்னால் ஓடினால் தாளக்காரன் சத்தமில்லாமல் தானும் நகர்ந்து வந்து மானத்தைக் காப்பாற்றிவிடுவான். தவில்காரனைப் பகைத்துக்கொண்டால் அடுத்த கச்சேரிக்கு அந்தத் தாளக்காரனைக் கூப்பிட மாட்டார்களே. அப்படி எத்தனையோ பேர் எனக்காக நகர்ந்திருக்கிறார்கள். அதனால் நான் ஓடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. மாதச் சம்பளக்காரனான இவனுக்கு என்னிடம் பயம் இல்லை. அதனால் நின்ற இடத்திலேயே நின்றான்.

மறுநாள் நானே அவனைச் சாதகத்துக்குக் கூப்பிட்டேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவான். வேகமாக வாசிக்கவே விட மாட்டான். வளர்ந்துவரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: வேகத்தில் யாரும் தப்பித்துக்கொள்ளலாம், மெதுவாக வாசிக்கும்போதுதான் கை அகப்படும். இரண்டு தட்டுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் என் கை சும்மா இருக்கத் தெரியாமல் அடுத்த அடிக்குப் பாய்ந்தது. இன்னொரு வித்தையும் செய்வான். பாதியில் தாளத்தை நிறுத்திவிட்டுத் தன் அக்காவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். நான் வாசித்துக்கொண்டே போக வேண்டும். பேச்சு நடுவில் திடீரென்று ஒரு தட்டு தட்டுவான். என் அடி அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

“வந்துட்டீங்களா? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கே” என்பாள் என் வீட்டுக்காரி.

சிரிப்பார்கள் இருவரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் விடவில்லை. ஒரு சாயங்காலம் அவன் தட்டும் என் அடியும் ஒரே சத்தமாக விழுந்தன. அவன் பேசிக்கொண்டிருந்த கதையை நிறுத்தாமலே காபி டம்ளரை என் பக்கம் தள்ளிவைத்தான். எத்தனையோ பொன்னாடை வாங்கியவன் சொல்கிறேன், அந்தக் காபிக்கு ஈடாக ஒன்றும் வந்ததில்லை.

பிறகு நாயனக்காரர் வீட்டுக்கு நானே போய் இன்னொரு தரம் கேளுங்கள் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“தாளத்துக்கு அந்த ரயில்வேக்காரர் வருவாரா? வந்தா வாங்க.”

வந்தான். வாசித்தேன். அந்தக் கோஷ்டியில் சேர்ந்த பிறகுதான் வெளியூர்களும் என்னை அறிந்தன. என் கை பெரிய கைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை நிற்கவைத்தது அவன் கை.

இப்போது பிள்ளைகள் செல்போனில் ‘டிக் டிக்’ வைத்துச் சாதகம் செய்கிறார்கள். நல்லதுதான், அதுவும் யாருக்காகவும் நகராது. மச்சினன் ஓய்வு பெற்றுவிட்டான். போன வாரம் தில்லைநகரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் வாசித்தேன். இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு பிரமாதம் என்றார்கள். கூட்டம் கலைந்ததும் அவன் வந்து காதோரம் சொன்னான்:

“அப்ப ஓடுனீங்க. இப்ப தாளத்துக்குப் பின்னாடி இழுக்குறீங்க மாமா. வயசாயிடுச்சு.”

கோபம் வரவில்லை. அத்தனை பேரில் ஒருவனுக்குத்தான் அது கேட்டிருக்கிறது, சொல்லவும் மனசு வந்திருக்கிறது. நாளைக் காலையில் வருகிறேன் என்றிருக்கிறான். தவிலுக்கு வார் இழுத்துக் கட்டி வைத்துவிட்டேன்.