இளஞ்சிவப்பை நம்பாத அக்கா

ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் அக்கா. "இது ஆகாது. ஊசியை அவசரமா இழுத்திருக்காங்க, ரத்த அணுவெல்லாம் உடைஞ்சிருக்கு" என்று ஒதுக்கி வைக்கிறார். ரத்தம் எடுத்த நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். பாவம், இன்றைக்கு அவருக்கு இது மூன்றாவது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இவருக்கு 'சந்தேக அக்கா' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். மனச்சோர்வு நோயாளிகளின் ரத்தத்தைச் சோதிப்பது அவர் வேலை. வருகிற எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. மனம் சோர்ந்தவர்களின் உடம்பில் ஆக்ஸிஜன் தறிகெட்டுப்போய் ரத்தத்திலுள்ள கொழுப்பைக் கெடுக்கிறதாம். ரத்தத்தின் தெளிநீரோடு ஒரு ரசாயனத்தைக் கலந்து கொதிக்க வைத்தால் இளஞ்சிவப்பு வரும். நிறம் அடர்ந்தால் சேதம் அதிகம். எட்டு வாரம் மாத்திரை சாப்பிட்டபின் அது வெளுக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

அக்கா அந்த நிறத்தை லேசில் நம்பமாட்டார். சிகரெட் பிடித்தாலும் கூடும், குழாய் மேஜையில் கிடந்தாலும் கூடும், சத்து மாத்திரை விழுங்கினால் குறைத்துக் காட்டும். வெறும் வயிறு என்று சாதித்த ஒரு பெரியவரின் சட்டையில் பிஸ்கட் தூளைக் கண்டுபிடித்து, மறுநாள் வரச்சொல்லிவிட்டார். குளிர்பெட்டியின் வெப்பமானியை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி உள்ளே வைத்திருக்கிறார். அதைச் சரிபார்க்க மூன்றாவது வேண்டாமா என்று கிண்டலாகக் கேட்டேன். "வாங்கணும்" என்றார், சிரிக்காமல்.

அந்த நோயாளிகளில் அக்காவின் தம்பியும் ஒருவன். எலக்ட்ரீஷியன். அக்கா வீட்டில்தான் இருக்கிறான். போன வருடம் வேலையை விட்டான், பேச்சை விட்டான், கடைசியில் உயிரையும் விடப் பார்த்தான். அப்போது கொடுத்த மாத்திரைகளையெல்லாம் அலமாரிக்குப் பின்னால் போட்டு வந்திருக்கிறான், பிறகுதான் தெரிந்தது.

சொந்தக்காரர் குழாயைத் தொடக்கூடாது என்பது சட்டம். அதனால் பக்கத்து மேஜைக்காரர்தான் தம்பியின் ரத்தத்தைச் சோதித்தார். எட்டாவது வாரம் எண் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. டாக்டரே நேரில் வந்து சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"இவ்வளவு அழகாவா இறங்கும்? நம்பர் சரியாயிடுச்சு, ஆள் இன்னும் சரியாகலையே."

டாக்டர் கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்குகிறான் என்று அவருக்குச் சந்தேகம். அது உண்மையானால் போன வருடம் திரும்பி வந்துவிடும். அந்தப் பயத்தில் ஒரு வாரமாகச் சாக்கடை மூடிவரை திறந்து பார்த்திருக்கிறார். சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன் துணைக்கு என்னையும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தம்பியின் அறையில் அலமாரியை நகர்த்தினோம். தலையணை உறையை உதறினோம். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தோம். ஒன்றும் இல்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நாங்கள் முடித்ததும் உள்ளே வந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"பாத்துடு அக்கா. இல்லன்னா இன்னைக்கு உனக்கு வேலை ஓடாது."

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டினான். முப்பத்துநாலு வயது ஆள். தாடையில் மூன்று நாள் தாடி.

அக்காவின் கையிலிருந்த டார்ச் அவன் முகம்வரை உயர்ந்தது. பிறகு அதை அணைத்தார். உள்ளே பார்க்காமலே, இரண்டு விரலால் அவன் தாடையைத் தூக்கி வாயை மூடிவிட்டார்.