இருநூற்றெழுபது மீற்றர் புல்வெளிக்கு ஒரு பயணம்

சனிக்கிழமை காலை 5.40. லண்டனின் ரெய்னர்ஸ் லேன் மூலைக் கடைக்காரர் மரக்கறிப் பெட்டிகளை இன்னும் வெளியே எடுத்து வைக்கவில்லை. என் வீட்டு வாசலில் மூடிக் கட்டியிருந்த நீலத் தறப்பாளைக் கழற்றியபோது எதிர்வீட்டு மாடியில் திரைச்சீலை அசைந்தது. நான்கு வருடமாக அசைகிற திரைச்சீலைதான். இன்றைக்காவது அதற்குப் பார்க்க ஏதோ கிடைத்தது.

தறப்பாளுக்குக் கீழே இருந்தது இரண்டு பேர் அமரும் ஒரு சிறு விமானம். இறக்கைகளைப் பின்பக்கமாக மடக்கி, வாலோடு சேர்த்துக் கட்டி, டிரெய்லரில் ஏற்றியிருந்தேன். துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்ததை நானே என் கராஜில் பொருத்திப் பூட்டினேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது, பெயர் வதனி, தொழில் ரயில்களுக்குப் பிரேக் திருத்துவது. போன மாதம் ஒரு பெரிய ஓடுபாதையில் சோதனைப் பறப்புகள் முடிந்து, அனுமதிப் பத்திரமும் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். இந்த விமானம் நிற்பதற்கும் பறப்பதற்கும் ஓர் இடம்.

டிரெய்லரை இழுக்கத் தன் வான் வண்டியோடு வந்தவர் என் அக்காவின் கணவர் ஜெயம் அத்தான். ஜெர்மனியில் பதினாறு வருடம் ஜன்னல் பொருத்தும் வேலை செய்தவர். லண்டனுக்கு வந்த பிறகு அதையே சொந்தத் தொழிலாகச் செய்கிறார். என் விமானத்தை அவர் ஒரு நாளும் விமானம் என்று சொன்னதில்லை.

“உம்மட தகரத்தை வடிவாக் கட்டினனீரோ? நடு ரோட்டிலை கழண்டு பறந்தாலும் பறக்கும்,” என்றார்.

“அது தகரமில்லை அத்தான். குழாயும் துணியும்.”

“பாத்தீரே, தகரம்கூட இல்லை.”

அவர் கையில் ஒரு பை. தேங்காய், தேசிக்காய், கற்பூரம். எங்கள் ஆட்கள் புது வாகனம் எதையும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்காமல் ஓட்டுவதில்லை. நான் ஒரே போடாய்ப் போட்டேன். “பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்திலை கற்பூரமோ? ஒண்டும் வேண்டாம். இது கார் இல்லை.” அத்தான் மறுபேச்சுப் பேசாமல் பையை வானுக்குள் வைத்தார். அத்தான் மறுபேச்சுப் பேசாதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

6.05. ஏ40 வழியாகப் போய் எம்25 நெடுஞ்சாலையில் ஏறினோம். போகிற இடம் நோர்த் ஓக்கெண்டன், சுமார் ஐம்பத்தைந்து மைல். லண்டனை வளைத்து ஓடுகிற இந்தச் சாலைக்கு வெளியே கிடந்தும் லண்டனோடு சேர்த்தே எண்ணப்படுகிற கிராமம் அது. உள்ளே எண்ணினாலும் வெளியே இருக்கிற இடம் எனக்குப் பழக்கமானதுதான்.

ஏன் அங்கே என்று சொல்லிவிடுகிறேன். பறக்கும் உரிமம் எடுத்த கையோடு நான்கு விமானக் கழகங்களில் இடம் கேட்டேன். மூன்றில் காத்திருப்போர் பட்டியல். நான்காவதில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோட்டம் போடுவது மனதுக்கு நல்லது என்றார். கடைசியில் கென் என்ற பண்ணைக்காரரின் புல்வெளியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நீளம் இருநூற்றெழுபது மீற்றர். ஒரு முனையில் வேலி, மறுமுனையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால். வேறு எந்த விமானக்காரனும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நிலத்தை நீட்ட முடியாது. நிலத்துக்கு ஏற்ற விமானத்தைச் செய்யலாம் அல்லவா?

அதனால்தான் கண்காட்சிக்குப் போனபோது, மணிக்கு நூற்றைம்பது மைல் போகும் பளபளப்பான ஒன்றைக் காட்டிய விற்பனையாளரிடம், “இது எவ்வளவு மெதுவாகப் பறக்கும்?” என்று கேட்டேன். அதுவரை அவர் என் பக்கத்தில் நின்ற அத்தானிடமே பேசிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்கு இருவருமே சிரித்தார்கள். நான் அடுத்த கூடாரத்துக்குப் போய், தலைக்கு மேலே இறக்கை உள்ள, சில்லுகள் ஊதிப் பெருத்த, அழகென்று யாரும் சொல்ல முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதன் இறக்கையின் முன்விளிம்பில் இன்னொரு மெல்லிய இறக்கை ஓடுகிறது. அது காற்றை வழிநடத்துவதால், மணிக்கு முப்பத்தைந்து மைல் வேகத்திலும் விமானம் கீழே விழாமல் மிதக்கும். எங்கள் ஹரோ வீதிகளில் அத்தான் வான் ஓட்டுவது அதைவிட வேகம்.

7.10. சவுத் மிம்ஸ் ஓய்விடம். தேநீர் ஒன்று மூன்று பவுண் அறுபது. வாயில் வைக்க ஏலாது. பார்சல் வண்டி ஓட்டி வந்த ஒரு தமிழ்நாட்டு இளைஞர் டிரெய்லரை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

“மேடம், இது நிஜமாவே பறக்குமா? எவ்வளவு நாளாச்சு செய்ய?”

“நாலு வருசம். இறக்கைத் துணியை அயன் பண்ணவே ரெண்டு மாசம்.”

“அயனா? துணி அயன் பண்றதா?”

அதேதான். எலும்புக்கூட்டின் மேல் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் அளவான சூட்டில் தேய்த்தால் அது சுருங்கி மத்தளத் தோல்போல விறைக்கும். சூடு கூடினால் துணி பாழ். நான் சேலை தேய்க்கிற பெட்டியையே வெப்பமானி வைத்துப் பழக்கி எடுத்தேன். பசை மணக்கிறது என்று யாரோ கவுன்சிலுக்கு எழுதினார்கள். கவுன்சிலில் இருந்து வந்த பெண் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தாள். கராஜில் காற்று போக ஒரு விசிறி வைக்கச் சொல்லிவிட்டு, இறக்கையோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனாள்.

“என் அக்காகிட்ட சொல்றேன். நம்பவே மாட்டா,” என்றார் இளைஞர்.

“நானே இன்னும் நம்பேல்லைத் தம்பி,” என்றார் அத்தான். “ஊரிலை குண்டுபோட வந்த பிளேன் சத்தம் கேட்டு பங்கருக்குள்ளை ஓடின சனம். இவ அந்தச் சத்தத்தைக் காசு குடுத்து வாங்குறா.”

வாங்கவில்லை, செய்தேன் என்று சொல்லிவிட்டு வானில் ஏறினேன். அந்தச் சத்தத்துக்குச் சின்ன வயதில் நடுங்கினேன் என்பது உண்மை. இனி அது எப்போது எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று நான் தீர்மானிக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

8.35. நோர்த் ஓக்கெண்டன். கென் கதவடியில் நின்றார். எழுபது வயதிருக்கும், சேற்றுச் சப்பாத்து, சுருக்கமான ஆங்கிலம். குதிரை வளர்க்கும் ஒருவர் இந்தப் புல்வெளியை வாடகைக்குக் கேட்டிருக்கிறாராம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். கென்னின் நிபந்தனை எளிமையானது. வேலி முனையிலிருந்து நூற்றிருபது மீற்றரில், ஓரத்தில் ஓர் ஓக் மரம் நிற்கிறது. என் சில்லுகள் அந்த மரத்துக்கு முன்னால் நிலத்தைவிட்டு எழும்ப வேண்டும். இறங்கினால் அதே தூரத்துக்குள் நிற்க வேண்டும். இன்றே, அவர் கண்முன்னால்.

“வாய்க்காலில் இருந்து ஒரு பெண்ணைத் தூக்கி எடுக்க இந்த வயதில் என்னால் முடியாது,” என்றார்.

“எனக்கும் நனைய விருப்பமில்லை,” என்றேன்.

9.00 முதல் 10.50 வரை இறக்கைகளை விரித்து, அவற்றைப் பிடித்துவைக்கும் ஊசிகளைப் பூட்டி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துப் பார்த்தேன். பட்டியல் முழுவதும் சரி. புல்வெளியை ஒருமுறை நடந்து பார்க்கக் கென்னோடு போனேன். அத்தான் விமானத்துக்குக் காவல் நின்றார்.

11.05. இயந்திரம் முழு மூச்சில் இரைந்தது. பிரேக்கை விட்டேன். புல் சரசரவென்று பின்னால் ஓடியது, வால் எழும்பியது. வேகமானியைப் பார்த்தேன். முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. விமானம் எழத் துடிக்கிறது, கையில் அது தெரிகிறது. முள்ளோ அசையவில்லை. இழுத்து எழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் மனம் சொன்னது. எழும்பலாம், இந்தச் சின்ன நிலத்தில் வேகம் தெரியாமல் இறங்குவது எப்படி? வீம்பு எனக்கு நிறைய உண்டு, ஆனால் அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட மாட்டேன். விசையைக் குறைத்துப் பிரேக்கை மிதித்தேன். விமானம் ஓக் மரத்தைப் பத்தடி தாண்டி நின்றது.

கென் மெதுவாக நடந்து வந்தார். “மரத்தைத் தாண்டிவிட்டாய். இன்னும் நிலத்தில்தான் இருக்கிறாய்.”

“நான் எழும்பப் பார்க்கவே இல்லை. நிறுத்தினேன்.”

“நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.”

“அப்படியென்றால் அங்கேயே நில்லுங்கள். அரை மணித்தியாலம்.” என் குரல் உயர்ந்துவிட்டது. கோபம்தான், மறைக்கவில்லை.

வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோவது இறக்கைக்குக் கீழே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் பருமன் குழாய். அதன் நுனியில் ஒரு சிறு துளை. குனிந்து பார்த்தேன். துளையைக் காணவில்லை. அந்த இடத்தில் வட்டமாக, அழகாக, நடுவில் குங்குமத்தோடு ஒரு சந்தனப் பொட்டு.

திரும்பி அத்தானின் கையைப் பார்த்தேன். வலது மோதிர விரல் மஞ்சளாக இருந்தது.

“அத்தான்!”

“தேங்காய் வேண்டாம் எண்டனீர். கற்பூரம் வேண்டாம் எண்டனீர். பொட்டைப் பற்றி நீர் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார். பிறகு குரல் உடைந்தது. “மூக்கிலை வைச்சால் உமக்குத் தெரிஞ்சிடும் பிள்ளை. அதுதான் உந்தச் சின்னக் கம்பியிலை... முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிண்டுது. அதுவும் ஒரு மூக்கு மாதிரித்தான் இருந்தது. உமக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டுதான் வைச்சனான்.”

ஏசுவதற்கு வாயில் நிறைய வந்தது. நான்கு வருடம் தகரம் என்று சொன்ன மனிதர், நான் இல்லாத நேரம் பார்த்து அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார். வந்ததை விழுங்கிவிட்டேன்.

அவசரப்பட்டு முன்பக்கத்தில் வாய் வைத்து ஊதினால் வேகமானியின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கெட்டுவிடும். அதனால் உள்ளே போய், வேகமானியின் பின்னால் ரப்பர் குழாயைக் கழற்றி, அந்தப் பக்கத்திலிருந்து ஊதினேன். மூன்றாவது ஊதலில், வெளியே குழாயின் வாயில் கைக்குட்டையோடு நின்ற அத்தான், “வந்திட்டுது, வந்திட்டுது!” என்று கத்தினார். இன்னும் இரண்டு தடவை ஊதி, குழாய் சுத்தம் என்று உறுதி செய்து பூட்டினேன். கென் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மிச்சச் சந்தனம் கிடக்கோ?” என்று கேட்டேன்.

அத்தான் பயந்துபோய்ச் சட்டைப்பையிலிருந்து சின்னச் சிமிழை எடுத்தார்.

“என்ரை நெத்தியிலை வையுங்கோ. அதிலை ஓட்டை இல்லை.”

11.50. வேலி முனைக்கு உருட்டிப் போகும்போதே முள் நடுங்கி எழுந்து விழுந்தது. திரும்பி நின்று விசையை முழுவதும் தள்ளினேன். வால் எழுந்தது, முள் இருபது, முப்பது, முப்பத்தெட்டு. இழுத்தேன். புல்லின் சத்தம் நின்றது. ஓக் மரம் வரும்போது நான் காற்றில் இருந்தேன்.

உயரத்தில் மேற்கே நகரத்தின் கட்டடங்கள் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன. அந்தப் பக்கம் பெரிய விமானங்களின் வானம். நான் போக முடியாது. எனக்குப் போகவும் தேவையில்லை. எம்25 சாலையில் எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். என் சின்ன நிலம் வாய்க்காலுக்கும் வேலிக்கும் நடுவில் பச்சையாகக் கிடந்தது. வேகத்தைக் குறைத்து, குறைத்து, வேலியைத் தாண்டியதும் இறங்கி நின்றேன். ஓக் மரம் இன்னும் எனக்கு முன்னால் இருந்தது.

கென் வேலி முனைக்குப் போய், நான் எழும்பிய சில்லுத் தடம் முடிந்த இடம்வரை காலடியால் அளந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எண்பத்தைந்து மீற்றர். குதிரைக்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன்,” என்றார். வைக்கோல் கொட்டிலின் ஒரு பக்கத்தைக் காட்டி, அங்கே விடலாம், கூரை ஒழுகாது என்றும் சொன்னார். நன்றி சொல்லி அவர் கையைக் குலுக்கினேன்.

2.15. வெறும் டிரெய்லர் பின்னால் கடகடக்கத் திரும்பினோம். இனி என் கராஜில் கார் நிற்கலாம், எதிர்வீட்டுத் திரைச்சீலை ஓய்வெடுக்கலாம். நெடுஞ்சாலையில் ஏறுமுன் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அத்தான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எடுத்தார். பொட்டுக் கதையைச் சொல்லவில்லை.

“ஓமப்பா, எல்லாம் நல்லபடி முடிஞ்சுது,” என்றார். “எங்கட பிளேன் நூறு மீற்றரிலை எழும்பிட்டுது.”

“எண்பத்தைஞ்சு,” என்றேன், தொலைபேசிக்குக் கேட்கும்படி.