தத்துக் கேட்டு வந்தவர்களை அடித்து விரட்டும் படம்

நேற்று மேலகரம் தாண்டியதும் சாரலில் பஸ் நின்றுவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம். தத்தெடுக்க வந்த பணக்காரத் தம்பதியை அநாதைப் பிள்ளைகள் மாவை வீசி, தட்டால் அடித்து விரட்டுகிறார்கள். அவள் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தென்காசியில் ஓர் அநாதை இல்லத்தில். நானும் அக்கா செல்வியும் அங்கேதான் வளர்ந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி யாரோ ஒரு புண்ணியவான் போட்டுக் காட்டினார். புளித்த சாம்பார் வாடைக்கு நடுவே விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததில் நான் பாவாடையை நனைத்துவிட்டதாக அக்கா இன்றைக்கும் சொல்லுவாள்.

மறுவாரமே இலத்தூரிலிருந்து பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் வந்தார்கள். சின்னவளான என்னை மட்டும் கேட்டார்கள். அந்த மனிதர் என் கையைப் பிடித்ததும் அக்கா பித்தளைச் சொம்பை எடுத்து அவர் நெற்றியில் வீசினாள். படத்தில் அடிபட்டவர் கண்ணை உருட்டிவிட்டு எழுந்துவிடுவார். இவருக்கு ரத்தம் கண்ணை மறைத்து வேட்டியில் கொட்டியது. என் பங்குக்கு நான் அவர் விரலைக் கடித்தேன். பல் ஆடிக்கொண்டிருந்த வயது, பெரிய சேதமில்லை.

வார்டன் புளிய விளாறோடு வந்தார். அக்காவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அடித்த அடியில் முதுகுச் சட்டை கிழிந்தது. தடுக்க நீட்டிய கையை அவர் முறுக்கியபோது சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் அவர் நிறுத்தவில்லை.

இலத்தூரிலிருந்து வந்த அந்த அம்மாதான் குறுக்கே பாய்ந்தாள். விளாறைப் பிடுங்கி வார்டனின் முகத்திலேயே அடித்தாள், அவர் கதவோரம் ஒண்டுகிறவரை. பிறகு மூச்சு வாங்கியபடி கணவரிடம் சொன்னாள்:

“ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவோம். இதுகள இங்கன விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது.”

அவர் துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“மூத்தவ வீசுத வீச்சுக்கு இனி வீட்டுக்கு நாய் வேண்டாம்லா.”

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவின் கை கோணலாகத்தான் சேர்ந்தது. அவர்களை அம்மா அப்பா என்று கூப்பிட அவளுக்கு ஒரு குற்றால சீசன் முழுக்க ஆயிற்று. எனக்கு அல்வா வாங்கித் தந்த அன்றே வந்துவிட்டது.

இல்லம் இருந்த இடத்தில் இப்போது குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ். அம்மா போய்விட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நெற்றித் தழும்பைக் காட்டி, “இது எம் மூத்த மக தந்தது” என்று காப்பி ஆறுகிறவரை கதை சொல்லும் அப்பாவும் போன ஐப்பசியில் போய்விட்டார். இப்போது நானும் அக்காவும் அதைச் சொன்னால், கேட்கிறவர்கள் தொட்டுப் பார்க்க அந்த நெற்றி இல்லை.