நின்றுகொண்டே எழுதியவர்

பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறி அடையாறில் இறங்கும் வரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. குள்ளமான மனிதர். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையின் கட்டைவிரலால் செல்போனில் விண்வெளிப் போர்த் தொடர்கதை எழுதுவார். இணையத்தில் வந்த அதை நான் வாராவாரம் விடாமல் படித்தேன்.

ஒருநாள் எழுந்து இடம் கொடுத்தேன். "உட்கார்ந்து எழுதுங்களேன் சார்."

"உக்காந்தா கப்பல் ஆடாதுப்பா. ஆடுனாத்தான் உள்ள கீறவன் பயப்படுவான்" என்று சிரித்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், கதை நின்றுபோனது. எதிரிகள் சூழ்ந்த கப்பல் அப்படியே அந்தரத்தில் கிடந்தது.

சென்ற வாரம் அதே பஸ்ஸில் ஏறினார். "கப்பல் என்ன ஆச்சு சார்?" என்றேன்.

"இப்ப நாள் பூரா டைம் கீது. எழுதத்தான் வரல."

என் பக்கத்து இருக்கை காலியானது. காட்டினேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

உட்கார்ந்துவிட்டார்.