பதினொரு மணிக்குச் சரியாக வந்தவள்

இதைக் கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். என் வீட்டில், என் பிள்ளைக்கு நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், காலை பதினொரு மணிக்கு.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கணவர் வெளியூரில். மகளுக்கு ஏழு மாதம். விடுப்பு இன்னும் இரண்டு வாரம்தான்; முடிந்த திங்கட்கிழமையே வேலையில் சேராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதற்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி கிடைத்தாக வேண்டும்.

கிடைத்தவர்களின் லட்சணத்தைக் கேளுங்கள். ஒருத்தி பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட்டு, கையை எங்கள் தலையணை உறையிலேயே துடைத்தாள். இன்னொருத்தி தரையில் விழுந்த சூப்பானை எடுத்து, தன் நாக்கால் ஒரு நக்கு நக்கி, பிள்ளை வாயில் வைத்தாள். "சுத்தமாயிடுச்சு" என்று சிரிப்பு வேறு! நாள் முழுக்க அடுத்தவர் ரத்தமும் சளியுமாகப் புழங்குகிறவள் நான். எனக்கே குமட்டியது.

இவர்களாவது வந்தார்கள். அடுத்த வாரம் திங்கள், செவ்வாய், புதன்... தினமும் பதினொரு மணிக்கு ஒருத்தி வருவதாக ஏற்பாடு. மூன்று நாளும் வீட்டுக் கூடத்தில் வாசலைப் பார்த்தபடி தேவுடு காத்தேன். ஈ காக்கைகூட வரவில்லை. போன் செய்தால் இரண்டு பேர் எடுக்கவே இல்லை. மூன்றாமவள் எடுத்து, "என்ன, விளையாடுறீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். என்ன திமிர் பாருங்கள். மனுஷ ஜாதி மேலேயே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது.

இது போதாதென்று மகள் திங்கட்கிழமையிலிருந்து பாட்டிலைத் தொடவில்லை. எனக்கோ பால் வற்றிப் பல நாளாயிற்று. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பல் முளைக்கிற நேரம். எடை குறையல, பயப்படாதீங்க" என்றார்.

வியாழக்கிழமை. அடுப்படியில் பால் கலந்துகொண்டிருந்தேன். கடிகாரத்தில் சரியாகப் பதினொன்று. திரும்பினால்... கூடத்தில் ஒருத்தி நிற்கிறாள்.

அழைப்புமணி அடித்த ஞாபகம் இல்லை. கதவை நானே திறந்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சாம்பல் நிறச் சால்வை. ஈரத் தலை. வெளியே சுள்ளென்று வெயில். கிட்டே வந்ததும் திரிந்த பால் நாற்றம் லேசாக அடித்தது. முகம் சுளித்தேன். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாளே! ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தச் சந்தோஷத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

வருகிறவர்களை அரை மணி நேரம் பிள்ளையோடு தனியாக விட்டுப் பார்ப்பது என் வழக்கம். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மைக் இருக்கும். அறையில் என்ன சத்தம் கேட்டாலும் அடுப்படி ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும். அவள் உள்ளே போனாள். எந்த அறை என்று நான் சொல்லவில்லை.

11:05. ஒரு சத்தமும் இல்லை.

11:12. சப்... சப்... சப்...

அப்பாடா, பால் குடிக்கிறாள்! பாட்டிலைக் கையோடு எடுத்துப் போயிருப்பாள் போல. நான்கு நாள் கழித்து! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவளையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

11:35. அழைப்புமணி.

கதவுக்குப் போனேன். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டும் உள்ளே போட்டிருந்தன. திறந்தேன். ஒரு பெண், மூச்சு வாங்க நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. பதினோரு மணிக்கு வரச் சொன்னீங்க. பஸ் மாறி ஏறிட்டேன்."

"அப்போ... உள்ள இருக்கிறது?"

அடுப்படி ஸ்பீக்கரில் சப்தம் நின்றது. ஒரு பெண் குரல் கேட்டது. அடித்தொண்டைக் குரல்.

"ஆள் இருக்கு. போ."

வந்தவள் என்னை முறைத்தாள். "ஆள் வச்சுக்கிட்டு எதுக்குக்கா வரச் சொன்னீங்க?"

நான் சட்டென்று திரும்பினேன். அடுப்படி மேடையைப் பார்த்தேன்.

நான் கலந்த பால்... பாட்டிலில் நிறைய, அப்படியே இருந்தது.

சப்... சப்... சப்...

ஓடினேன். கதவைத் தள்ளினேன்.

யாருமில்லை.

ஜன்னலில் கம்பி. வேறு வழி இல்லை.

மகள் தொட்டிலில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாயோரம் ஏதோ வழிந்திருந்தது. மஞ்சளாக. கெட்டியாக. விரலால் துடைத்தேன். நூல் நூலாக வந்தது. அதே திரிந்த நாற்றம். அங்கேயே வாந்தி எடுத்தேன். பிள்ளையை மூன்று தடவை குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லை.

மாலை 4:10. ஆள் அனுப்பும் ஏஜென்ட் அக்காவுக்குப் போன் செய்து கத்தினேன். மூன்று நாளாக ஒருத்தியும் வரவில்லை, இன்றைக்கு யாரை அனுப்பினாய் என்று.

அவர் என்னைவிட அதிகமாகக் கத்தினார். "யாரு வரல? மூணு பேரும் வந்தாங்கம்மா! மூணு பேரையும் உங்க வீட்டு வாசல்லயே ஒரு பொம்பள திருப்பி அனுப்பியிருக்கா. ஆள் இருக்கு, போன்னு. என்கிட்ட வந்து சண்டை போட்டாங்க."

"எந்தப் பொம்பள?"

"தலையெல்லாம் ஈரமா, சாம்பல் சால்வை போட்டுக்கிட்டு. இடுப்புல உங்க பாப்பா இருந்துச்சாமே."

மூன்று நாளும் அந்த நேரத்தில் நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாசலைப் பார்த்தபடி. அந்தக் கதவு திறக்கவே இல்லை. பிள்ளை அறைக்குள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறினேன். வேலையும் போயிற்று. போகட்டும். அவள் யார், எதற்கு வந்தாள், ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் பிறகுதான் உறைத்தது. அந்த நான்கு நாளும் பாட்டிலைத் தொடாத என் மகள், ஒரு தடவைகூடப் பசியில் அழவில்லை.